வாலைக் குத்தி உட்கார்ந்த விமானம்!

“சார், ஏரோப்ளேன் உட்கார்ந்துடுச்சு சார்!”

எதிர் வீட்டுப் பையன் ஓடி வந்து சொன்னபோது நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரை வைத்துவிட்டுத் திண்ணைக்கு வந்து பார்த்தேன். அவன் சொன்னது உண்மைதான். மூன்று வாரம் பாடுபட்டுச் செய்த விமானம், மூக்கை வானத்துக்குத் தூக்கி, வாலைத் தரையில் குத்தி, நாய் உட்காருவது போல உட்கார்ந்திருந்தது! சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் என் முகத்தையே பார்த்தார்கள்.

இது நடந்தது விழுப்புரம் பக்கம் கெடாரில், ஒரு கோடை விடுமுறையில். குழந்தைகளே, கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

அந்தப் பையன் மாமா வீட்டுக்கு உளுந்தூர்பேட்டை போய் வந்திருந்தான். விழுப்புரத்திலிருந்து திருச்சி சாலையில் சுமார் 40 கி.மீ. போனால் அந்த ஊர். அங்கே ஒரு பழைய விமான ஓடுதளம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு ஒரே சந்தேகம். “நம்ம ஊர்ப் பக்கம் யாரு சார் ஏரோப்ளேன்ல வந்தாங்க? எதுக்கு அங்க ஓடுதளம் போட்டாங்க?”

நல்ல கேள்வி. இரண்டாம் உலகப் போர் 1939 முதல் 1945 வரை நடந்தது அல்லவா? 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தது, அந்தமானைப் பிடித்தது. அந்த வருடம் ஏப்ரல் 5-ம் தேதி கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று பயந்து, மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு உள்ளூர்களுக்கு ஓடினார்கள். அந்தச் சமயத்தில்தான் தமிழ்நாட்டில் வரிசையாக விமான ஓடுதளங்கள் எழுந்தன. உளுந்தூர்பேட்டை, சோழவரம், அரக்கோணம், சூலூர், கயத்தாறு என்று பெரிய பட்டியலே உண்டு. சோழவரத்து ஓடுதளத்தில் பிற்காலத்தில் கார் பந்தயமே நடந்தது!

வங்காள விரிகுடாவில் எதிரிக் கப்பல் வருகிறதா என்று பார்க்க, வெகுதூரம் போய்த் திரும்பும் விமானம் வேண்டும். அப்படி ஒன்றுதான் ‘லிபரேட்டர்’. அமெரிக்காவில் செய்தது. பி-24 என்பது அதன் எண். நான்கு இன்ஜின்கள் கொண்ட பெரிய குண்டுவீச்சு விமானம். 1944-ல் சென்னை பரங்கிமலையிலும் லிபரேட்டர்கள் இருந்தன. இலங்கையில் மின்னேரியாவிலிருந்து 1945-ல் கிளம்பிய லிபரேட்டர்கள் சிங்கப்பூர் வரை போய், கடலில் கண்ணிவெடி போட்டுவிட்டு, எங்கும் இறங்காமல் திரும்பின. அதற்கு 20 மணி நேரத்துக்கு மேல் ஆனது. நீங்கள் காலை எட்டு மணிக்குப் பஸ் ஏறினால் மறுநாள் விடியும் வரை இறங்காமல் உட்கார்ந்திருப்பது போல!

இதைச் சொல்லி முடித்தேனோ இல்லையோ, “அதைச் செய்வோம் சார்!” என்று குதித்தார்கள்.

ஒரு மீட்டருக்கு ஒரு செ.மீ.

மாதிரி விமானம் என்றால் கண்டபடி செய்வது அல்ல. அளவு மாறாமல் சிறிதாக்க வேண்டும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் மாதிரிகளில் 1:72 என்று போட்டிருப்பார்கள். உண்மையானதில் 72-ல் ஒரு பங்கு என்று பொருள். இந்த விசித்திரமான 72 எங்கிருந்து வந்தது? ஆறு அடிக்கு ஓர் அங்குலம். ஆறு அடி என்றால் 72 அங்குலம். அதாவது, ஆறடி மனிதர் ஓர் அங்குல பொம்மையாகிவிடுவார்!

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. 1942-ல் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளிக்கூடங்களைக் கேட்டது என்ன தெரியுமா? ஐந்து லட்சம் மாதிரி விமானங்கள்! மாணவர்கள் மரத்தில் செதுக்கி, கறுப்பு வண்ணம் அடித்துக் கொடுத்தார்கள். வானத்தில் போவது நம்முடையதா எதிரியுடையதா என்று உருவத்தை வைத்தே கண்டுபிடிக்க, படைவீரர்கள் அந்த மாதிரிகளைப் பார்த்துப் பழகினார்கள். தப்பாகக் கண்டுபிடித்தால் சொந்த விமானத்தையே சுட்டுவிடுவார்களே!

எங்களுக்குக் கணக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று 1:100 எடுத்துக்கொண்டோம். ஒரு மீட்டருக்கு ஒரு செ.மீ. லிபரேட்டரின் இறக்கை இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை 33.5 மீட்டர். எங்களுக்கு 33.5 செ.மீ. உங்கள் நீள ஸ்கேலைவிடக் கொஞ்சம் கூடுதல். மூக்கிலிருந்து வால் வரை சுமார் 20.5 செ.மீ. உயரம் ஐந்தரை செ.மீ. அதில் ஏறும் விமானி ஒன்றே முக்கால் செ.மீ.கூட இருக்க மாட்டார். இரண்டு கொண்டைக்கடலையை ஒன்றன் மேல் ஒன்று வைத்த உயரம்தான். ஒரு பையன் உடனே சமையலறையிலிருந்து கடலை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அப்போதுதான் எல்லோருக்கும் அந்த விமானம் எவ்வளவு பெரியது என்று உறைத்தது.

உடம்புக்குத் தெர்மகோல். உயரம் 3 செ.மீ., அகலம் அதைவிடக் குறைவு. லிபரேட்டரின் உடம்பு மீன் போல வழவழப்பாக இருக்காது, பெட்டி போல இருக்கும். அதனால் செதுக்குவது எளிது. இறக்கைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை. கெட்டியான அட்டையாகப் பார்த்து இரண்டை ஒட்டினோம். உடம்போடு சேரும் இடத்தில் 4 செ.மீ. அகலம், நுனியில் ஒன்றரை செ.மீ. இவ்வளவு ஒல்லியான நீண்ட இறக்கைதான் இந்த விமானத்தின் பலம். அதனால்தான் அது அத்தனை தூரம் பறந்தது.

இன்ஜின்களுக்கு ஸ்கெட்ச் பேனா மூடிகள் நான்கு. நிஜத்தில் அதன் இன்ஜின் உறை வட்டமாக இல்லாமல் பக்கவாட்டில் அகன்ற முட்டை வடிவில் இருக்கும். அதற்காக மூடியின் இரு பக்கமும் காகிதம் சுற்றி ஒட்டினோம். மூக்கிலும் வாலிலும் சுடுபவர் உட்காரும் கண்ணாடிக் கூண்டுக்கு, தீர்ந்துபோன மாத்திரை அட்டையின் குமிழ். சக்கரங்களுக்குச் சட்டைப் பொத்தான்கள். வாலில் முட்டை வடிவத்தில் இரண்டு செங்குத்துத் தகடுகள், ஒரு முனைக்கு ஒன்று. இந்த இரட்டை வாலைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு லிபரேட்டர் என்று சொல்லிவிடலாம். (கண்ணை மூடினால் எப்படிப் பார்ப்பது என்று என் வகுப்பில் ஒருவன் கேட்பான். நீங்களும் கேட்பீர்கள் என்று தெரியும்.)

வாத்தியார் செய்த தப்பு

முதல் தப்பை நான்தான் செய்தேன். உடம்பைச் செதுக்கி முடித்ததும், வெள்ளி நிறம் வந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசை. கடையில் வாங்கிய ஸ்பிரே பெயின்டைத் தெர்மகோல் மேல் நேராக அடித்தேன். உஸ்ஸ்... பத்து விநாடியில் விமானத்தின் முதுகில் பள்ளம்! எறும்புப் புற்று போல ஓட்டை ஓட்டையாகக் கரைந்துபோனது. பெயின்டில் கலந்திருக்கும் கரைப்பான் தெர்மகோலைத் தின்றுவிடும். இத்தனை வருடம் பாடம் நடத்தியவனுக்கு அது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. பிள்ளைகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் முழுக்க அவர்களுக்குள் ஒரே குசுகுசு.

இரண்டாவது உடம்புக்கு மைதா பசை காய்ச்சி, செய்தித்தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து மூன்று சுற்று ஒட்டினோம். கத்தரியால் வெட்டக் கூடாது. கையால் கிழித்தால்தான் ஓரம் மெலிந்து மேடு தெரியாமல் படியும். ஒவ்வொரு சுற்றும் காய ஒரு நாள். அந்தக் காயும் நேரம்தான் எங்களுக்குக் கதை நேரம். நான் சொன்னது கான்பூர் கதை.

கான்பூர் குப்பைமேடு

போர் நடந்தபோது அமெரிக்கா இந்த விமானங்களைப் பிரிட்டனுக்கு இரவலாகத்தான் கொடுத்தது. கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுப்போமே, அது போல. போர் முடிந்தது. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பணம் கட்ட வேண்டும், அதுவும் இல்லையென்றால் யாருக்கும் உதவாமல் அழித்துவிட வேண்டும். கான்பூரில் வரிசை வரிசையாக நின்ற லிபரேட்டர்களைப் பிரிட்டிஷார் பாழாக்கினார்கள். கருவிகளை நொறுக்கினார்கள், உடம்பில் ஓட்டை போட்டார்கள், இன்ஜினில் மணலைக் கொட்டினார்கள். மூக்கு உடைந்து, வயிறு கிழிந்து, புல் முளைத்துக் கிடந்தன.

1947-ல் சுதந்திரம் வந்தது. புது நாட்டின் விமானப் படையிடம் பெரிய குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. வாங்கப் பணமும் இல்லை. அப்போது பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் ஆட்கள் கான்பூருக்குப் போனார்கள். அந்தத் தொழிற்சாலை 1940-ல் தொடங்கியது. போர்க் காலத்தில் அமெரிக்க விமானங்களைப் பழுது பார்த்த இடம். ஆகவே நம் தொழிலாளர்களின் கைக்கு லிபரேட்டர் புதிதல்ல. இதன் இறக்கையை அதற்கு மாட்டி, அதன் சக்கரத்தை இதற்குப் போட்டு, ஒட்டுப் போட்டு, பறக்கும் அளவுக்கு மட்டும் தேற்றினார்கள். ஜம்ஷெத் முன்ஷி என்ற சோதனை விமானி ஒவ்வொன்றாக ஓட்டி, சுமார் 1,500 கி.மீ. தூரத்திலுள்ள பெங்களூருக்குக் கொண்டுவந்தார். யோசித்துப் பாருங்கள், குப்பையில் கிடந்த விமானம்! வழியில் எது கழன்று விழும் என்று யாருக்குத் தெரியும்? பெங்களூரில் முழுதாகச் சீர் செய்தார்கள். இப்படி உயிர் பெற்றவை நாற்பது விமானங்கள் வரை.

1948 நவம்பரில் அவற்றை வைத்துத்தான் நம் விமானப் படையின் 5-வது படைப்பிரிவு உருவானது. பிறகு 6-வது படைப்பிரிவும் இவற்றைக் கடல் காவலுக்குப் பயன்படுத்தியது. கடைசி லிபரேட்டர்கள் ஓய்வு பெற்றது 1968-ல். மற்ற நாட்டுப் படைகள் எல்லாம் எப்போதோ உடைத்து உருக்கிவிட்ட விமானம், நம் நாட்டில் மட்டும் இருபது வருடம் பறந்திருக்கிறது!

“அப்போ நாமளும் குப்பையிலதான் சார் செய்றோம்” என்றான் எதிர் வீட்டுப் பையன். மாத்திரை அட்டை, பேனா மூடி, பத்திரிகை அட்டை... அவன் சொன்னது சரிதானே?

பென்சில் குண்டு

லிபரேட்டரின் வயிற்றில் குண்டு வைக்கும் அறையின் கதவு, கடை ஷட்டர் போல இரு பக்கமும் சுருண்டு மேலே போகும். ஒரு பையன் பென்சில் முனைகளைச் சீவி, எட்டு சின்னக் குண்டுகள் செய்துகொண்டு வந்தான். அழகாகவே இருந்தன. ஷட்டரைத் திறந்து வைத்து, உள்ளே குண்டு தெரிய வேண்டும் என்று அடம் பிடித்தான்.

அப்போது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். “நிஜமா இதுல எவ்ளோ குண்டு சார் போகும்?”

“மூன்றரை டன் வரை” என்றேன்.

“எங்க போட்டாங்க?”

இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஜப்பான் படை 1942–43-ல் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஒரு ரயில்பாதை போட்டது. 415 கி.மீ. காட்டுவழி. மலேயா ரப்பர் தோட்டங்களில் இருந்த தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் அதற்கு அள்ளிக்கொண்டு போனார்கள். நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து பிழைக்கப் போனவர்களும் அந்தத் தோட்டங்களில் இருந்தார்கள். காலராவிலும் பசியிலும் ஆயிரம் ஆயிரமாக இறந்தார்கள். அந்தப் பாதையின் பாலங்களைத் தகர்க்கக் குண்டு வீசியவற்றில் லிபரேட்டர்களும் உண்டு.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பாலத்துக்குப் பக்கத்துல இருந்தவங்க மேலயும் விழுந்திருக்கும்ல சார்?” என்றாள்.

“விழுந்தது. பாலத்தின் பக்கத்தில் இருந்த கைதிகள் முகாமில் விழுந்து, கைதிகள் இறந்திருக்கிறார்கள்.”

மேலே இருந்தவர்களுக்குக் கீழே இருப்பவர் யாரென்று தெரிந்திருக்காது என்றும் சொன்னேன். அது அவளுக்குப் போதுமான பதிலாகப் படவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கும்தான். பென்சில் குண்டு செய்த பையன் எட்டையும் எடுத்து ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டான். ஷட்டரை மூடியபடியே வைத்து, மேலே பென்சிலால் கோடு கோடாக இழுத்தோம்.

வால் ஏன் குத்தியது?

எல்லாம் ஒட்டி முடித்துச் சக்கரத்தில் நிறுத்திய அன்றுதான், ஆரம்பத்தில் சொன்ன கூத்து. சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். இறக்கைக்குக் கீழே உள்ள இரண்டு பெரிய சக்கரங்கள்தான் நடுக்கட்டை. முன்பக்கம் மூக்கு, பின்பக்கம் வால். நாங்கள் வாலுக்குக் கெட்டி அட்டையும் பசையும் தாராளமாகப் போட்டிருந்தோம். மூக்கிலோ தெர்மகோலும் மாத்திரைக் குமிழும்தான். பின்பக்கம் கனத்தால் பலகை எந்தப் பக்கம் சாயும்?

நிஜ லிபரேட்டருக்கும் இந்த வியாதி உண்டு! பின்பக்கம் ஆட்கள் கூடிவிட்டால் மூக்கு தூக்கிக்கொள்ளும். அதற்காகத் தரையில் நிற்கும்போது வாலுக்கு ஒரு முட்டு கொடுப்பார்கள். “நாமளும் தீக்குச்சி முட்டு கொடுத்துடலாம் சார்” என்றார்கள். நான் ஒப்பவில்லை. சைக்கிள் கடையில் பின்சக்கரத்து பால்ரஸ் எட்டு வாங்கிவந்து, மூக்கைக் குடைந்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ஆறாவது பால்ரஸில் மூக்கு மெல்ல இறங்கியது. மீதி இரண்டையும் போட்டு அடைத்துவிட்டோம், பின்னாளில் தொல்லை வேண்டாம் என்று. நீங்கள் செய்தால் மூக்கை மூடும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

மூன்று நாட்டு முத்திரை

வண்ணம் அடிப்பது ஒரு நாள் வேலை என்று நினைத்தோம். நான்கு நாள் ஆனது. முதலில் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, தூசியை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். மாத்திரைக் குமிழ்களை டேப் ஒட்டி மறைக்க வேண்டும். பிறகு ஸ்பிரே. ஒரே இடத்தில் பிடித்து அடித்தால் வழிந்துவிடும். ஒரு முழம் தள்ளிப் பிடித்து, கையை ஓட்டிக்கொண்டே மெல்லிய பூச்சாக இரண்டு முறை. இந்த வேலையைப் பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு, வெளியில் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். காய்ந்த பின், கூர்மையான பென்சிலால் தகட்டுக் கோடுகள். இறக்கையின் அடியில் இன்ஜினுக்குப் பின்னால் அடுப்புக்கரியை விரலால் தொட்டு இழுத்தால் புகை படிந்தது போலவே இருக்கும். இந்த ஒன்றைச் செய்ததும் பொம்மை, விமானமாகிவிட்டது!

அடுத்தது முத்திரை. இங்கேதான் சண்டை. ஒருவனுக்கு அமெரிக்க வெள்ளை நட்சத்திரம் பிடித்திருந்தது. இன்னொருவனுக்குப் பிரிட்டிஷ் வட்டம். நம் பக்கத்துப் போர்முனையில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களில் நடுவிலிருந்த சிவப்பை எடுத்துவிட்டு, நீலத்திலேயே இரண்டு சாயல்கள் வைத்தார்கள். ஜப்பான் விமானத்தில் சிவப்புச் சூரியன் இருந்ததால், சிவப்பைப் பார்த்தாலே சுட்டுவிடுவார்கள் என்று பயம். அமெரிக்காவும் 1942-ல் நட்சத்திரத்தின் நடுவில் இருந்த சிவப்புப் புள்ளியை நீக்கியது.

“மூணுமே சரிதான்” என்றேன். ஏனென்றால் கான்பூர் விமானங்கள் மூன்று நாட்டோடும் தொடர்புடையவை. அமெரிக்காவில் பிறந்து, பிரிட்டனுக்குப் பறந்து, இந்தியாவில் மறுபிறவி எடுத்தவை. பதினெட்டாயிரத்துக்கு மேல் செய்யப்பட்ட லிபரேட்டர்களில் இன்று உலகம் முழுக்க முழு உருவில் இருப்பவை இருபதுகூட இல்லை. அவற்றில் ஐந்துக்கு மேல் நம்மவர்கள் ஒட்டுப் போட்டவைதான். 1969-ல் ஒன்று இங்கிருந்து அமெரிக்காவின் அரிசோனாவுக்குப் பறந்தே போனது. ஒன்று இங்கிலாந்துக்குப் போனது. கனடாவோ பண்டமாற்று செய்தது. ஒரு லைசாண்டர் விமானத்தை நமக்குக் கொடுத்துவிட்டு, லிபரேட்டரை வாங்கிக்கொண்டது. டெல்லி பாலம் விமானப் படை அருங்காட்சியகத்தில் ஒன்று நம் முத்திரையோடு நிற்கிறது. வெளிநாடு போனவற்றில் சிலவற்றுக்கு அமெரிக்க வண்ணமும் அமெரிக்கப் பெயரும் எழுதிவிட்டார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு அது இந்தியாவில் பறந்ததே தெரியாது.

இதைக் கேட்டதும் நட்சத்திரக் கட்சிக்காரனே மாறிவிட்டான். ஓட்டெடுப்பில் நம் வட்டம்தான் ஜெயித்தது. வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. ஒரு செ.மீ. காவி வட்டத்தைக் காகிதத்தில் வெட்டினோம். பஞ்சிங் மெஷின் துளைத்துத் தள்ளும் வெள்ளைப் பொட்டை அதன்மேல் ஒட்டி, நடுவில் பச்சை ஸ்கெட்சால் ஒரு புள்ளி வைத்தோம். மொத்தம் ஆறு. இறக்கைக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு, உடம்பின் இரு பக்கமும் ஒவ்வொன்று. ஒன்று மட்டும் கொஞ்சம் கோணலாக ஒட்டிவிட்டது. யார் ஒட்டியது என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது அந்த லிபரேட்டர் என் வீட்டு அலமாரியில், மூன்று சக்கரத்திலும் ஒழுங்காக நிற்கிறது. பக்கத்தில் தீக்குச்சியில் செய்த ஒன்றே முக்கால் செ.மீ. மனிதர் ஒருவர். அவர்தான் முன்ஷியாம். அடுத்த விடுமுறைக்குக் ‘கேடலினா’ வேண்டுமாம். போர்க் காலத்தில் சென்னை செங்குன்றம் ஏரியில் தண்ணீரிலேயே இறங்கி ஏறிய விமானம் அது. இதை ஏன்தான் அவர்களிடம் சொன்னேனோ! செய்து முடித்ததும் ஊர் ஏரியில் மிதக்கவிட வேண்டும் என்கிறார்கள். மைதா பசை தண்ணீரில் என்ன ஆகும் என்று இன்னும் யாரும் யோசிக்கவில்லை.